செத்த புழு எழுந்த கதை

சோழவந்தான்
ஆடி வெள்ளி, ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கு எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. உன் தங்கச்சி உன்னையும் மதினியையும் விசாரித்தாள். நம்ம சிநேகிதன் அட்லஸ் போன வாரம் வந்தான். இன்னும் அதே சட்டை.

நாலு மாதமாகக் கடிதம் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. வெட்கம். நீ கொடுத்த மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு நான் பண்ணிய காரியத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். கிண்டலடிக்காமல் படி.

தை மாதமே நம்ம வெற்றிலைக் கொடிக்காலில் மேற்குப் பக்கம் ஒரு நாற்பது கொடி சோர்ந்து நின்றது. இலை சிறுத்து, மஞ்சள் பூத்து, கிள்ளினால் கவுளிக் கட்டுக்கு ஆகாது. நம்ம வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், அந்த இலையை யார் கண்ணில் காட்டுவது? நான் பதறிப்போய் முதலில் கொடி படர நட்ட அகத்தியின் வேரைப் பிடுங்கிப் பார்த்து, "முடிச்சு, முடிச்சு" என்று உனக்குப் போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "நகத்தால் சுண்டு, உதிர்ந்தால் அது உனக்கு உரம் போடுகிற பாக்டீரியா, உள்ளே ரோஸாக இருக்கும்" என்று சொல்லி அரை மணி நேரம் சிரித்தாய். அப்புறம் கொடியின் வேரைப் பார்த்தேன். அங்கே முடிச்சு உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது. கிழித்தால் குண்டூசி முனை மாதிரி வெள்ளை முத்து. வேருக்குள் குடியிருந்து முடிச்சுப் போடுகிற நூற்புழுவில் பொம்பளை.

என்ன மருந்து அடிப்பது? கத்தரிக்காய் என்றால் குழம்பில் வேகும். வெற்றிலை யார் வீட்டில் வேகிறது? இன்றைக்குக் கிள்ளினது நாளைக்கு ஒருத்தர் வாயில். குருணை மருந்து போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. பச்சிலைச் சாறுதான் வழி என்று முடிவு பண்ணினேன். முடிவு சரி, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தப்பு.

எருக்கிலை, நொச்சி, வேப்பிலை, செண்டுமல்லிப் பூ. எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்தேன். எருக்கம்பால் பட்ட ஜாரைப் பார்த்துவிட்டு உன் தங்கச்சி பேசிய பேச்சை எழுத முடியாது. புது ஜார் வாங்கின பில் இன்னும் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. மண்ணிலிருந்து புழுவைப் பிரிக்க நீ சொல்லிக்கொடுத்த பேர்மான் புனலுக்குப் பதில் டீ வடிகட்டி, டிஷ்யூ பேப்பர், ஒரு தட்டு. கொடிக்கால் மண்ணை அதில் வைத்துத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டேன். காலையில் தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், அடேங்கப்பா! மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத குட்டிகள், பாம்புக் கூட்டமாக நெளிகின்றன. அதில் எருக்கஞ்சாறு இரண்டு சொட்டு விட்டேன். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் குச்சி மாதிரி நீட்டிக்கிடந்தன.

அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருக்கணும். ராத்திரியே வெற்றிலை குரூப்பில் குரல் பதிவு போட்டேன். ஏழு நிமிஷம்! "எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

பத்தாம் நாள் பேத்தி வந்தாள். விவசாயக் கல்லூரி, மூன்றாவது வருஷம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தாத்தா, சாறை வடித்துவிட்டு நல்ல தண்ணியில் போட்டுப் பார்த்தீங்களா?" போடவில்லை. அவளே போட்டாள். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் எழுந்து நெளிகிறது மாப்ளே! மயங்கிக் கிடந்திருக்கிறது, நான் கருமாதி பண்ணிவிட்டேன். அதோடு விட்டாளா? பக்கத்தில் இன்னொரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றினாள். அதிலும் குச்சியாய்க் கிடந்தன. "உப்பையும் மருந்துன்னு சொல்வீங்களா?" என்றாள். உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாற்போல இருந்தது. நீ நீடாம் என்கிற இங்கிலீஷ்காரர் கதை சொல்வாயே, 1743-இல் நோய் பிடித்துக் காய்ந்துபோன கோதுமை மணியைப் பிளந்து தண்ணீர் விட்டதும் உள்ளே நார் மாதிரி இருந்த நூற்புழு எல்லாம் உயிர் வந்து நெளிந்தது என்று. அந்தக் கதை தெரிந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

செண்டுமல்லிக்கும் திட்டு கிடைத்தது. விஷயம் வேரில் இருக்கிறதாம், நான் அரைத்தது பூவை. 1958-இல் நெதர்லாந்தில் அதன் வேரிலிருந்துதான் ஆல்ஃபா டெர்தையெனைல் என்கிற, புழுவைக் கொல்கிற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையவும் கரையாது. உயிரோடு இருக்கிற வேருக்குள் புழு நுழைந்தால்தான் அதற்கு ஆபத்து. ஆக, செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும், அரைத்து ஊற்றிப் பிரயோஜனமில்லை. அகத்தி நிழலில் அது ஒழுங்காக வளராது என்பதால் கொடிக்காலுக்குள் வைக்கவும் முடியாது.

இதுவரைக்கும் என் மானம் மட்டும்தான் போயிருந்தது. இனிமேல் எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவளைத்தேன்.

கிழக்கே நமக்கு அடுத்த கொடிக்கால் யாருடையது என்று உனக்குத் தெரியும். சித்தப்பா முறை. எண்பதைத் தொடப்போகிறவர், நான் சொன்னால் வேதம். என் குரல் பதிவைப் பேரன் போட்டுக் காட்டியிருக்கிறான். டிரம்மில் எருக்கிலையை ஊறப்போட்டு, பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல், உச்சி வெயிலில் இரண்டு பாத்திக்கு வேரோரமாக ஊற்றிவிட்டார். எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லதாயிற்றே. நாலாம் நாள் அடித்தண்டு கருத்து, இலை சுருண்டு தொங்கிவிட்டது. நான் போய் நின்றேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "வெயில் ஜாஸ்தி தம்பி" என்றார். மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல் அவர் வீட்டிலிருந்து ஒரு பிடி கொழுந்து வெற்றிலை வந்தது. அதை வாயில் போட முடியவில்லை மாப்ளே. திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

பேத்தி லீவு முடிந்து போவதற்கு முன் பன்னிரண்டு தொட்டி வைத்தோம். எல்லாவற்றிலும் மேற்குப் பக்கத்து மண், ஆளுக்கொரு தக்காளி நாற்று. அவள் சொன்னது, தக்காளி வேர் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். நாலுக்கு வெறும் தண்ணீர், நாலுக்கு என் சாறு தண்ணீர் கலந்து, நாலுக்கு நடுவதற்கு இரண்டு வாரம் முன்னாடியே வேப்பம்புண்ணாக்கு கலந்த மண். நாற்பத்தைந்து நாள் கழித்துப் பிடுங்கி அலசினேன். வெறும் தண்ணீர்த் தொட்டி வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி. சாறு ஊற்றினதும் ஏறக்குறைய அதே இஞ்சிதான், உற்றுப் பார்த்தால் கொஞ்சம் குறைச்சல், அது என் ஆசையாகவும் இருக்கலாம். புண்ணாக்குத் தொட்டிகளில் மூன்றில் முடிச்சை எண்ணிவிடலாம். நாலாவது மட்டும் கெட்டுப்போயிருந்தது, ஏன் என்று புரியவில்லை. புண்ணாக்கில் மணல் கலந்து விற்கிறார்கள், அப்படி மணல் கலந்த கைப்பிடி அந்தத் தொட்டியில் விழுந்திருக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் கணக்கு புரிகிறது. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இரண்டு சொட்டுச் சாறு. நிலத்தில் ஒரு குடம் ஊற்றினாலும் மண் பிடித்துக்கொள்கிறது, மீதியை நுண்ணுயிர் தின்று தீர்க்கிறது, அடுத்த பாய்ச்சலில் கரைந்து போகிறது. தப்பித்தவறிக் குட்டிகள் செத்தாலும், தாய் வேருக்குள் பத்திரமாக இருக்கிறாள். கோந்து மாதிரி ஒரு பைக்குள் முட்டை, ஒருத்திக்கு நூற்றுக்கணக்கில். நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை. புண்ணாக்கு அப்படியில்லை, அங்கேயே கிடந்து மக்குகிறது. மக்கும்போது அம்மோனியாவும் கசப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகின்றன, புழுவுக்கு எதிரியான பூஞ்சையெல்லாம் பெருகுகிறது, கொடிக்கும் சத்து. வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்கு ஹெக்டேருக்கு ஒரு டன். நம்ம ஏக்கரில் நானூறு கிலோ. பர்ஸ் அழுகிறது.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. அப்பா எருக்கிலையை நிழலில் உலர்த்திப் பாத்தியில் பரப்பி, தண்ணீர் கட்டி, மேலே சேறு அப்புவார். நாமிருவரும் கால் சட்டையோடு சேறு சுமந்து திட்டு வாங்கியிருக்கிறோம். அதே எருக்கு, அதே கொடிக்கால். அவர் இலையை மண்ணுக்குக் கொடுத்தார், நான் மிக்சியில் அரைத்தேன். அப்பா நூற்புழுவுக்காகப் போட்டாரா, உரத்துக்காகப் போட்டாரா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. உனக்கு ஏதாவது சொன்ன ஞாபகம் இருந்தால் எழுது. நீதான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பாய்.

குரூப்பில் தப்பை ஒப்புக்கொண்டு மறுபடியும் ஒரு பதிவு போட்டேன். ஒன்றரை நிமிஷம். முதல் பதிவை நாற்பது பேர் வேறு குரூப்புகளுக்கு அனுப்பினார்கள், இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தர் கும்பிடு போட்டிருக்கிறார், இன்னொருத்தர் குட் மார்னிங் ரோஜாப்பூ. அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொடிக்கால் கொடிக்காலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினாறு. தென்கரைப் பக்கம் பாக்கி.

சித்தப்பாவின் இரண்டு பாத்தியையும் நானே கொத்திக் கொடுத்திருக்கிறேன். புதுக்கொடி போடும்வரை அங்கே நிழல் இல்லை, செண்டுமல்லி நட்டாயிற்று. பூ அவருக்கு, வேர் எனக்கு என்று பேச்சு. ஐப்பசியில் பிடுங்கும்போது நீ இங்கே இருக்கணும், முடிச்சை எண்ண எனக்கு இன்னொரு கண் வேண்டும். என் கண்ணை இப்போது நானே நம்புவதில்லை.

வரும்போது மைக்ராஸ்கோப்பில் சொட்டுக்கு மேல் மூடுகிற கவர் சிலிப் கண்ணாடி ஒரு டப்பா வாங்கி வா, இங்கே கிடைப்பதில்லை. மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கேட்கிற எண்ணத்தோடு வராதே.

உன்
மாப்ளே

பி.கு.: பாக்குவெட்டி உன்னிடம்தான் இருக்கிறது என்று உன் தங்கச்சி சொல்கிறாள். கொண்டுவந்து கொடுத்துவிடு.