'க்ரையிங்' வந்தது 1961-இல், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய ராக் அண்ட் ரோல் பாடகர்களைப் பற்றி வந்த கட்டுரையில் ராய் ஆர்பிசனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்தியின் நடுவில், மனைவியையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த சோகம்தான் அவரை 'க்ரையிங்', 'இன் ட்ரீம்ஸ்' போன்ற பாட்டுகளைப் பாட வைத்தது என்று ஒரு வரி. அதைப் படித்ததும் இதழை மூடி வைத்தவன்தான், மற்ற பக்கங்களை இன்னும் திறக்கவில்லை.

'க்ரையிங்' வெளிவந்தது 1961. 'இன் ட்ரீம்ஸ்' 1963. அவர் மனைவி க்ளாடெட் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தது 1966. டென்னசியில் அவர் வீடு தீப்பிடித்து மூத்த பிள்ளைகள் இருவரும் போனது 1968, அப்போது அவர் கச்சேரிக்காக இங்கிலாந்தில் இருந்தார். இந்த வருஷங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே அந்த வரி நிற்காது என்பது தெரிந்துவிடும். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் பார்த்திருக்கலாமே என்பதுதான் வருத்தம்.

வருஷம்தானே, விட்டுவிடுங்கள் அப்பா என்று என் மகன் சொன்னான். என்னால் விட முடியவில்லை. சோகம் வந்தது, பாட்டு தானாக வந்தது என்று எழுதிவிட்டால் அந்த மனிதர் உட்கார்ந்து செய்த வேலை எல்லாம் காணாமல் போய்விடுகிறது. 'ரன்னிங் ஸ்கேர்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1961-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பல்லவி என்று ஒன்று கிடையாது, திரும்பி வரும் வரி கிடையாது. தன் காதலியின் பழைய காதலன் என்றைக்காவது வந்து நிற்பானோ என்று பயந்துகொண்டே இருக்கிறான் ஒருவன். கிட்டார் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போகிறது, பின்னால் டிரம் சேர்கிறது, வயலின்கள் சேர்கின்றன, குரல் ஒவ்வொரு படியாக ஏறுகிறது, பழையவன் வந்தே விடுகிறான், அவள் யாரோடு போகிறாள் என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது, அந்த இடத்தில்தான் அந்த உச்ச ஸ்தாயி. ஒலிப்பதிவின்போது முதலில் அந்த இடத்தைக் கள்ளக் குரலில் பாடினாராம், வாத்தியங்களுக்கு நடுவே அது எடுபடவில்லை என்று தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃபாஸ்டர் சொன்னதும் முழுக் குரலில் எடுத்தாராம், வாசித்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள் என்று சொல்வார்கள். இவ்வளவும் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். இதை யாராவது கண்ணீர் விட்டுக்கொண்டே செய்ய முடியுமா?

'இன் ட்ரீம்ஸ்' இன்னும் கடினம். மூன்று நிமிஷம் கூட ஆகாத அந்தப் பாட்டில் ஏழு பகுதிகள், ஒன்று முடிந்தால் அது மறுபடி வராது, அடுத்த மெட்டுக்குப் போய்விடுவார். பேசுவது போலத் தொடங்கி, கனவில் அவளோடு இருந்து, விழித்ததும் அவள் இல்லை என்று தெரிந்து குரல் மேலே மேலே போய் அங்கேயே நிற்கும். நம் ஊரில் ராகமாலிகை கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமை சட்டென்று பிடிபடும், அதைச் சொல்லியிருக்கலாம் உங்கள் கட்டுரையாளர்.

சோகம் வந்தால் பாட்டு வரும் என்கிறவர்களிடம் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி போன பிறகு வெகு நாள் இந்தப் பாட்டுகளை நான் போடவே இல்லை. அலமாரிப் பக்கம் கை போகவில்லை. தினமும் குளிக்கும்போது முணுமுணுக்கிறவன், வாயே திறக்கவில்லை. ஆர்பிசனுக்கும் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கணக்குப் பாருங்கள், 1960-இல் 'ஒன்லி த லோன்லி' தொடங்கி 1964-இல் 'இட்ஸ் ஓவர்', 'ஓ, ப்ரெட்டி வுமன்' வரை அந்த ஐந்து வருஷத்தில்தான் பெரிய பாட்டுகள் அத்தனையும். இழப்புகளுக்குப் பிறகு பாடிக்கொண்டுதான் இருந்தார், ஆனாலும் எழுபதுகள் முழுக்க அமெரிக்காவில் அவருக்குப் பெரிய வெற்றி எதுவும் அமையவில்லை. துக்கம்தான் அந்தக் குரலைக் கொடுத்தது என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அப்புறம் அந்த க்ளாடெட். உங்கள் பத்தியில் அவர் இறந்துபோனவராக மட்டும் வருகிறார். ஆர்பிசன் அவர் பெயரிலேயே ஒரு துள்ளல் பாட்டு எழுதி, 1958-இல் எவர்லி சகோதரர்கள் அதைப் பாடினார்கள். 'ஓ, ப்ரெட்டி வுமன்' பிறந்ததும் அவரால்தான். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் ஆர்பிசன் பணம் வேண்டுமா என்று கேட்க, கூட உட்கார்ந்து பாட்டு எழுதிக்கொண்டிருந்த பில் டீஸ், அழகான பெண்ணுக்குப் பணம் எதற்கு என்று சொல்ல, பாட்டு அங்கிருந்து கிளம்பியது. மனைவி உயிரோடு சிரித்துக்கொண்டு இருந்தபோது எழுதிய பாட்டு அது. அதைத்தான் 1990-இல் வந்த 'ப்ரெட்டி வுமன்' படத்தின் பாட்டு என்று உங்கள் கேள்வி பதில் பகுதியில் முன்பு ஒரு முறை போட்டீர்கள். 1988 டிசம்பரிலேயே ஆர்பிசன் மாரடைப்பில் போய்விட்டார், வயது 52. அந்தப் படம் வந்ததையே அவர் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் அதை நாலு வரியாகச் சுருக்கிப் போட்டதில் 1964 என்ற வருஷமே விழுந்துவிட்டது, கடிதத்துக்கே அர்த்தமில்லாமல் போனது. அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன்.

எல்விஸுக்கு நீங்கள் சிறப்பிதழே கொண்டுவந்தீர்கள், அதில் எனக்குக் குறை இல்லை, எல்விஸ் எல்விஸ்தான். ஆனால் இரண்டு பேரும் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ரெக்கார்ட்ஸில் பாடியவர்கள்தானே, 1956-இல் 'ஊபி டூபி' அங்கிருந்துதானே வந்தது, அந்தச் சிறப்பிதழில் ஆர்பிசன் பெயர் ஒரு இடத்திலாவது வந்திருக்க வேண்டாமா? எனக்கு இது பழகிப்போன அனுபவம். எண்பதுகளில் கேசட் பதிந்து கொடுக்கும் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன், போய் வாங்கினால் பாதிக்கு மேல் எல்விஸ் பாட்டு இருக்கும், கேட்டால் எல்லாம் ஒன்றுதான் சார் என்பார்கள். ஆர்பிசன் இறந்தபோது நான் வாங்கிக்கொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகையில் ஒரு வரி செய்தி வரவில்லை.

பொன்மலை ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு ஓடும், திண்ணையில் உட்கார்ந்து நாங்களும் கேட்போம். பாட்டின் பொருள் பாதி புரியாது, குரல் புரிந்தது. பிறகு பிலாயில் வேலை பார்த்த காலத்தில் 'ப்ளூ பயூ' என்னைப் பிடித்துக்கொண்டது. காசு காசாகச் சேர்த்துக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கிறவனின் பாட்டு. 1977-இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடியதுதான் பலருக்குத் தெரியும், நன்றாகவே பாடியிருக்கிறார், ஆனால் ஆர்பிசன் 1963-இல் பாடியதில் ஊருக்குப் போவேன் என்ற நம்பிக்கையும் போக மாட்டோமோ என்ற பயமும் ஒரே மூச்சில் இருக்கும்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. படத்துக்குக் கீழே பார்வையற்ற பாடகர் என்று அச்சடித்திருக்கிறீர்கள். அவருக்குக் கண் தெரியும். சிறு வயதிலிருந்தே கனமான கண்ணாடி போடுகிறவர், 1963-இல் ஒரு பயணத்தில் அந்தக் கண்ணாடியை விமானத்தில் மறந்து விட்டுவிட்டு, பவர் உள்ள கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினார், அதுவே அவர் அடையாளம் ஆகிவிட்டது. பீட்டில்ஸோடு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் போன அதே வருஷம்.

கடைசிக் காலத்தைப் பற்றி உங்கள் பத்தியில் ஒன்றுமே இல்லை. 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பு வெள்ளையில் படமாக்கிய அந்தக் கச்சேரியில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் எல்விஸ் காஸ்டெல்லோவும் டாம் வெய்ட்ஸும் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். மறுவருஷம் ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், டாம் பெட்டி, ஜெஃப் லின் ஆகியோரோடு சேர்ந்து ட்ராவலிங் வில்பரிஸ் என்ற குழு. 'ஹேண்டில் வித் கேர்' பாட்டில் மற்றவர்கள் பாடிக்கொண்டு வரும்போது நடுவில் அவர் குரல் எழும் இடத்தைக் கேளுங்கள், அத்தனை இழப்புக்கும் பிறகு அது அப்படியே இருந்தது. இழப்பையும் பாட்டையும் சேர்த்து எழுதத்தான் வேண்டும் என்றால் இதை எழுதியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் இரண்டு திருத்தம் போடுங்கள், பாட்டுகள் முதலில் வந்தன, மரணங்கள் பிறகு வந்தன என்று ஒன்று, அவருக்குப் பார்வை இருந்தது என்று ஒன்று. கட்டுரையோடு கொடுத்திருந்த க்யூஆர் கோடைத் தட்டினால் 1987-இல் அவரே பழைய பாட்டுகளை மறுபடி பாடி வெளியிட்ட தொகுப்புக்குப் போகிறது. அதுவும் அவர் குரல்தான், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அறுபதுகளைப் பற்றி, புதிதாகக் கேட்கிற பிள்ளைகள் மான்யுமென்ட் இசைத்தட்டுக் கம்பெனிக்காக அவர் நாஷ்வில்லில் பாடிய அசலைத்தான் முதலில் கேட்க வேண்டும். இணைப்பை மாற்றிவிடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் பிலாய், கேசட் கடை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், வருஷங்களை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
திருச்சி