பையைக் கொடுத்துவிட்டுப் போன பெரியவருக்கு

போன வாரம் தர்மபுரி கோர்ட் முடிந்து பாப்பாரப்பட்டி போன பஸ்ஸில் என் பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். உள்ளே இருந்தது கேஸ் கட்டு இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவைப் பற்றிக் குழந்தைகளுக்கு நான் எழுதிவரும் கதையின் ஒரே கைப்பிரதி. நல்ல மழை வேறு.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பை இருந்தது. நனைந்த ஒவ்வொரு தாளுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்துக் காயவைத்திருந்தீர்கள், ஐயா. அப்புறம், சிவா ஊர் ஊராக நடந்ததைச் சொல்லும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: "தொழுநோயைச் சொல்லி ரயிலில் ஏற விடலை, அதையும் எழுதுங்க." பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று நான்தான் விட்டிருந்தேன். சேர்த்துவிட்டேன். 1925-ல் பாப்பாரப்பட்டியில் அவர் கண்மூடுவது வரை இனி எதையும் மறைக்கப்போவதில்லை.

முதல் பிரதி அதே டீக்கடையில் உங்களுக்காக இருக்கும். ரொம்ப நன்றி ஐயா.