பார்க் ஸ்டேஷன் இருக்கிறது, பார்க் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு வடமாநிலப் பையன் என்னை நிறுத்தினான். முதுகில் பை, கையில் ஒரு பெயின்ட் டப்பா. அதில்தான் அவன் சாமான் எல்லாம். சென்ட்ரலில் சாயங்காலம்தான் அவனுக்கு வண்டி, அப்போது மணி பதினொன்று. "பார்க் கிதர்?" என்றான். ஸ்டேஷன் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் எங்கோ மரத்தடி இருக்கும், நாலு மணி நேரம் படுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான் பாவம். எனக்குத் தெரிந்த இந்தியில் "பார்க் நஹீ" என்று சொல்லி சென்ட்ரல் பக்கம் கையைக் காட்டினேன். அவன் நம்பவில்லை. போர்டை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

அறுபது வருஷத்துக்கு மேல் சூளையில் இருக்கிறேன். அந்தப் பெயரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று. அது ஒரு நிஜமான பார்க்கின் பெயர் என்பதையே மறந்துபோயிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1859ல் மதராஸுக்குக் கவர்னராக வந்தவர் சார்லஸ் டிரெவெலியன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டனில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தில் கையை இறுக்கிப் பிடித்தார் என்று இன்றுவரை திட்டு வாங்கும் அதே மனிதர்தான். இங்கே வந்தவர், நெரிசலில் மூச்சுமுட்டிக் கிடந்த கருப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) மக்களுக்குக் காற்று வேண்டும் என்று கோட்டைக்கு மேற்கே ஒரு பெரிய பூங்காவுக்கு ஏற்பாடு செய்தார். 116 ஏக்கர். பதினொரு குளங்கள், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை, குளிக்க ஓர் இடம், வண்டியோட்டிப் போக மைல் கணக்கில் பாதை. பெயரே பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. துரைமார் தோட்டம் என்று வைக்கவில்லை. வந்த வேகத்தில் வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்து, அடுத்த வருஷமே பதவி பறிபோய் ஊருக்குக் கிளம்பினார் என்பது வேறு கதை.

அப்புறம் அந்தப் பூங்காவுக்கு என்ன ஆனது? யாரும் அதை ராத்திரியோடு ராத்திரியாக ஆக்கிரமிக்கவில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு தடவையும் நல்ல காரியத்துக்காகத்தான் ஒரு துண்டு போனது. 1880களில் டவுன் ஹால் வேண்டும் என்று விக்டோரியா பப்ளிக் ஹால். கடைத்தெரு வேண்டும் என்று 1900ல் மூர் மார்க்கெட். மாநகராட்சிக்கு இடம் வேண்டும் என்று 1913ல் ரிப்பன் மாளிகை. விளையாட்டுக்கு ஸ்டேடியம். அந்த ஸ்டேடியத்தில்தான் 1956 ஜனவரியில் மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தார்கள். எங்கப்பா அதைச் சொல்லும்போது ஏதோ தானே எதிர்முனையில் நின்ற மாதிரி சொல்வார். இவற்றில் எதை வேண்டாம் என்று சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் ஒவ்வொருவரும் "ஒரு மூலைதானே" என்று எடுத்து எடுத்து, கடைசியில் மூலைகளே மிஞ்சவில்லை.

மிருகக்காட்சிசாலையும் அங்கேதான் இருந்தது. எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855ல் ஆரம்பித்ததை 1860களில் இங்கே கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ். நான் சின்னப் பையனாக மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது, ராத்திரி வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு சிங்கம் உறுமுவது கேட்கும். என் தங்கை பயந்துபோய் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாள். 1985ல் விலங்குகளை வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். நியாயம்தான், அந்தக் கூண்டுகளில் அவை பட்ட பாடு எனக்கே தெரியும். அதே வருஷம் மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ் கூண்டு என்று கிடைக்காதது இல்லை அங்கே. எரிந்த இடம் ரயில்வேக்குப் போனது, இன்றைக்கு அது புறநகர் ரயில் நிலையம். பழைய கட்டடத்தின் குட்டி மாதிரி ஒன்றை வாசலில் வைத்திருக்கிறார்கள், பார்க்கிங் அவசரத்தில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழைத்த கடைக்காரர்களுக்கு இடம் கொடுத்தது அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸில். பெயரைப் பார்த்தீர்களா? அல்லி பூத்த குளம் இருந்த இடம் அது. குளமும் போச்சு, கடைக்காரர்களுக்குப் பழைய வியாபாரமும் திரும்பவில்லை.

குளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இப்போது மாநகராட்சி அங்கங்கே ஸ்பாஞ்ச் பூங்கா அமைக்கிறது. பள்ளம் தோண்டி மழைநீரைத் தேக்கி, மெதுவாக நிலத்துக்குள் இறக்குகிற ஏற்பாடு. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் பதினொரு குளத்தைத் தூர்த்துவிட்டு இன்றைக்குக் குளம் தோண்ட டெண்டர் விடுகிறோம் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பெரியமேட்டில் ஒரு மணி நேரம் மழை அடித்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். தண்ணீருக்குத் தன் பழைய வீட்டு விலாசம் மறக்கவில்லை.

சரி, போனது போகட்டும். ரிப்பன் மாளிகையை இடித்துவிட்டு மரம் நடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த 116 ஏக்கரில் பூங்கா என்று சொல்லிக்கொள்ள இன்னும் மிச்சமிருப்பது நேரு ஸ்டேடியம் பக்கத்து மை லேடீஸ் பூங்கா. ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சி நடந்த இடம். இன்றைக்கு சூளைக்காரர்களிலேயே பாதிப் பேரை நிறுத்தி அதற்கு வழி கேட்டால் தலையைச் சொறிவார்கள். அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது வருகிறது. வரட்டும். ஆனால் 'புதுப்பிப்பது' என்றால் என்ன என்பதில்தான் எனக்கு பயம்.

நம் ஊரில் பூங்காவைப் புதுப்பிப்பது என்றால் முதலில் டைல்ஸ் போடுவார்கள். அப்புறம் மண்ணைக் கொஞ்சம்கூட விடாமல் நடைபாதை, நடுவில் ஆறு மாதம் மட்டும் ஓடும் நீரூற்று, ஃபைபரில் ஒரு மான், 'ஐ லவ்' என்று ஆரம்பிக்கும் கலர் எழுத்து, திறந்தவர் பெயருடன் கருங்கல் பலகை. மரத்தைச் சுற்றிச் சிமென்ட் மேடை கட்டுவார்கள் பாருங்கள், அதைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். எங்கள் பகுதியில் ஒரு பூங்காவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. அடிமரத்தை ஒட்டி, இரண்டு விரல்கூட நுழையாத மாதிரி, வட்டமாகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். மரம் பருத்துப் பருத்து இப்போது அந்தச் சிமென்டின் மேல் விளிம்பு பட்டைக்குள் புதைந்துவிட்டது, இடுப்புக்குச் சின்னதாய்ப் போன ஒட்டியாணம் மாதிரி. கீழே இறங்க வேண்டிய தண்ணீர் ஓரமாக ஓடிச் சாக்கடைக்குப் போகிறது. 2016 டிசம்பரில் வார்தா புயல் அடித்தபோது எத்தனை மரம் வேரோடு சாய்ந்தது என்று பார்த்தோம். வேர் பரவ மண்ணே கொடுக்காமல் அடிமரம் வரை பூசி வைத்தால் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இன்னொன்று, பூட்டு. இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முன்பு என் மனைவிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதனை முடித்துக் கூட்டிவந்தேன். வெயில், அவருக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. வழியில் ஒரு பூங்கா, உள்ளே நல்ல நிழல், பெஞ்சு காலியாக இருக்கிறது. கேட்டில் பூட்டு. உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, "சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க சார்" என்றார். சும்மா பத்து நிமிஷம் என்றேன். "மேல சொன்னாதான் தொறக்கணும், எனக்கு வேலை போயிடும்" என்றார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? கம்பிக்கு அந்தப் பக்கம் ஊஞ்சலைக்கூடச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் எதிரே மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

நிழல் தேவைப்படுகிற நேரத்தில் மூடிவைத்து, வெயில் போன பிறகு திறப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. கேட்டால், மதியம் திறந்தால் குடிகாரர்கள் வருவார்கள், படுத்துத் தூங்குவார்கள், காதலர்கள் வருவார்கள் என்பார்கள். தூங்கினால்தான் என்ன? ராத்திரி ஷிப்ட் முடித்தவன், மூட்டை தூக்குகிறவன், வண்டிக்குக் காத்திருக்கிறவன் மரத்தடியில் தூங்கக்கூடாது என்றால், நீங்கள் பெயரை மாற்றி 'நடைப்பயிற்சிச் சங்கப் பூங்கா' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடி, கஞ்சா எல்லாம் நிஜமான பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து பூட்டு இல்லை. நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்று ஒன்று, நகரின் நட்டநடுவில், பெரிய நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. 1970களில் அது போதைப் பொருள் விற்கும் இடம், நல்லவர்கள் யாரும் உள்ளே போக மாட்டார்கள். வில்லியம் வைட் என்று ஒருவர், ஜனங்கள் பொது இடங்களில் எப்படி நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று வருஷக்கணக்கில் நின்று கவனித்தவர். அவர் சொன்னது, இந்தப் பூங்கா தெருவிலிருந்து மறைந்திருப்பதுதான் பிரச்சினை, வேலியும் புதரும் கெட்ட காரியத்துக்குத்தான் வசதி, திறந்து விடுங்கள் என்று. 1988ல் மூடி, புதரை எடுத்து, வாசல்களை அகலமாக்கி, எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரும்படி தனித்தனி நாற்காலிகள் வைத்து 1992ல் திறந்தார்கள். கூட்டம் வந்தது, தப்புக் காரியம் செய்கிறவன் தானாக இடத்தைக் காலி செய்தான். நாற்காலியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அங்கேயும் பயந்துதான் இருப்பார்கள். அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள கட்டட முதலாளிகளின் பணத்தில் தனி அமைப்பு நடத்துகிறது, அது நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அந்தத் திறந்துவிடும் தைரியத்தை மட்டும் கடன் வாங்கலாம்.

கட்டணமும் வேண்டாம். கதீட்ரல் சாலையில் 2024ல் திறந்த பூங்காவில் ஜிப்லைன், கண்ணாடி வீடு எல்லாம் இருக்கிறது, பெரியவர்களுக்கு 100 ரூபாய் டிக்கெட். அது சுற்றுலா இடம், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பெரியமேட்டுத் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவர் பெண்டாட்டி பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க எத்தனை நூறு ரூபாய் கொடுப்பார்? சூளை, பெரியமேடு, புளியந்தோப்பு, யானைக்கவுனிப் பக்கத்து வீடுகளைப் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். பிள்ளைகள் படிக்க இடமில்லாமல் தெருவிளக்கைத் தேடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மேஜை போட்டு, விளக்குப் போட்டு ராத்திரி ஒன்பது வரை திறந்து வைத்தால் போதும், ஃபைபர் மான் தேவையில்லை.

எனக்குக் கேட்கத் தோன்றுவது இவ்வளவுதான். மண்ணை மண்ணாக விடுங்கள், மரத்தடிச் சிமென்டை உடையுங்கள். முடிந்தால் ஒரு குளத்தையாவது திரும்பத் தோண்டுங்கள், ஒரு மழைக்காலத்துக்குள் அதன் அருமை தெரியும். குடிக்கத் தண்ணீர், பெண்கள் பயமில்லாமல் போகிற மாதிரி கழிப்பறை. அதற்கு ஒரு பணியாளரை நியமித்து ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள், கட்டித் திறந்துவிட்டு மறுமாதம் பூட்டுவதற்குக் கட்ட வேண்டாம். வாசலில் ஒரு பலகை வையுங்கள், இங்கே பதினொரு குளம் இருந்தது, சிங்கம் இருந்தது, 413 ரன் அடித்தார்கள் என்று நம் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில். முக்கியமாக, இனிமேல் எந்த நல்ல காரியத்துக்காகவும் அதில் ஒரு மூலையை எடுக்காதீர்கள். பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்க 1959லேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வந்து இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் மூர் மார்க்கெட் மனை ரயில்வேக்குப் போனது என்பதால், சட்டத்தை மட்டும் நம்பி உட்கார என்னால் முடியவில்லை.

வேலை தொடங்கும் முன் வரைபடத்தை ஒரு வாரம் பூங்கா வாசலில் பெரிதாக ஒட்டி வைத்து, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். கூட்டத்தை ஏதாவது ஏசி ஹாலில் வைக்க வேண்டாம், அந்த மரத்தடியிலேயே வைக்கலாம். மதியம் ஒரு மணிக்கு வைத்தால் இன்னும் நல்லது. நானும் என் மனைவியும் வருகிறோம், கேட்டை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சூளைவாசி ஒருவர்,
சென்னை - 112.