எந்த முத்தையா, ஆசிரியர் அவர்களே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் சென்னை தினச் சிறப்பிதழில் ஒரு பெட்டிச் செய்தி. "ரோஜா முத்தையா நூலகத்தை உருவாக்கிய எஸ். முத்தையா 2019இல் காலமானார்" என்கிறது. ஒரே வரியில் இரண்டு பேரை ஒருவராக்கி, அதில் ஒருவருக்கு இருபத்தேழு வருடம் ஆயுளையும் கூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். பிரம்மாவுக்குக்கூட இந்தக் கைவேலை வராது.

தங்களுக்குத் தெரியாததா? ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதிய கையோடு புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று அகப்பட்டதையெல்லாம் சேர்த்துவைத்தவர். 1992இல் அவர் போனபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்தது. சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா பள்ளத்தூரில் 1930இல் பிறந்தவர். கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் இருந்துவிட்டு 1968இல் சென்னைக்கு வந்து, டி.டி.கே. குழுமத்தின் வரைபடப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். 1981இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' புத்தகம். 1991 முதல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழ். இருவருக்கும் காரைக்குடிப் பக்கம்தான் சொந்த ஊர் என்பது உண்மை. அதற்காக இருவரும் ஒரே ஆளா?

எஸ். முத்தையா ஆங்கிலத்தில் எழுதியவர்தானே, நம் வாசகருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருந்தால், அந்தப் புத்தகத்தைக் கிழக்கு பதிப்பகம் தமிழிலேயே 'சென்னை மறுகண்டுபிடிப்பு' என்று கொண்டுவந்திருக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் எந்தப் புத்தகக் கடையிலும் கேட்டிருக்கலாம்.

நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். பிழை வராத பத்திரிகை கிடையாது என்பது எனக்குத் தெரியும். பிழை வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். 'இந்து' ஆங்கில நாளிதழில் திங்கட்கிழமைதோறும் எஸ். முத்தையா எழுதிய பத்தியில், தபால்காரர் கொண்டுவந்தவை என்று வாசகர் கடிதங்களுக்கே தனியாக ஓர் இடம் ஒதுக்குவார். "நீங்கள் எழுதிய வருடம் தப்பு", "அந்த வீட்டுக்காரர் என் தாத்தா" என்றெல்லாம் வருவதை மறைக்கமாட்டார். தட்டச்சு இயந்திரத்தை விடாத மனிதர், தப்பு என்று சொன்னால் அதையும் அச்சில் ஏற்றுவார். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய அச்சகம் எந்தத் தெருவில் இருந்தது என்று நான் எழுதியதும் ஒரு திங்கட்கிழமை வந்தது. அந்தத் துணுக்கை மைதா பசை போட்டு நோட்டில் ஒட்டினேன். ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து தப்பியது. தங்களுக்கும்தான் எத்தனையோ திருத்தம் எழுதினேன். அவற்றை ஒட்டிவைக்க எனக்கு நோட்டே தேவைப்படவில்லை.

சொல்ல ஆரம்பித்தாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 20 அன்று அவர் மறைந்தார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்து இரண்டே நாள். தங்கள் பத்திரிகையில் எந்தத் தலைவர் எந்தச் சாவடியில் எந்தக் கலர் வேட்டியில் வரிசையில் நின்றார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. இவருக்கு நாலு வரி. அந்த நாலு வரியிலும் "எழுத்தாளர்" என்றுதான் போட்டிருந்தீர்கள். அவர் என்ன எழுதினார் என்று சொல்ல ஐந்தாவது வரிக்கு இடம் இல்லை போலும்.

ஆனால் சென்னை தினமான ஆகஸ்ட் 22 வந்தால் மட்டும் சிறப்பிதழுக்கு விளம்பரம் பக்கம் பக்கமாக வருகிறது. அந்த நாளை 2004இல் கொண்டாட ஆரம்பித்தவர்களில் எஸ். முத்தையாவும் ஒருவர். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கச் சொல்லி அவர் எழுதி எழுதிக் கேட்டதில் எதையாவது இந்தச் சிறப்பிதழ்கள் தொட்டதுண்டா? மெரினா படம், டிராம் படம், "அந்தக் காலத்தில் காபி அரையணா" என்று ஒரு பெரியவர் பேட்டி. அப்புறம் நகைக்கடை விளம்பரம். பாரம்பரியக் கட்டடங்களுக்காக 2012இல் ஒரு சட்டம் நிறைவேறி வருடக்கணக்கில் அமலுக்கு வராமல் கிடந்ததே, அதற்கு ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டீர்களா? அதில் பெயர்க் குழப்பம்கூட வர வழியில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில் வேண்டாம்; தப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவில். இரண்டு முத்தையாவுக்கும் தனித்தனியே பிறந்த ஊரும் மறைந்த வருடமும் இருந்தால் போதும்.

இன்னொன்று. முன்பு ஒரு சிறப்பிதழுக்குத் தங்கள் நிருபர் மூர் மார்க்கெட் படம் ஒன்றை என்னிடம் வாங்கிப் போனார். 1985இல் தீப்பிடிப்பதற்கு முன்பு பழைய புத்தகக் கடை வரிசையில் எடுத்தது. படம் வந்தது, பெயர் வரவில்லை. அது போகட்டும். படமே திரும்பி வரவில்லை. பின்பக்கம் என் முகவரி பென்சிலில் இருக்கும். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மண்ணடி, சென்னை