இரண்டாம் வயலின் வரிசையில் இருந்த என் மகளுக்கு

மதுரை
பங்குனி 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாக ஊர் வந்து சேர்ந்தேன் என்று தொலைபேசியில் சொன்னதோடு சரி. அமெரிக்காவில் உங்கள் ஆர்க்கெஸ்ட்ரா நடத்திய அந்த இரவுக் கச்சேரியைப் பற்றி உன்னிடம் ஒன்றுமே பேசவில்லை. கச்சேரி முடிந்து பனியில் நடந்து உன் அறைக்குத் திரும்பும்போது, "எப்படி இருந்ததப்பா?" என்று கேட்டாய். "நன்றாக இருந்ததம்மா" என்று மட்டும் சொன்னேன். நீ அதைச் சம்பிரதாயமான பதிலாக எடுத்துக்கொண்டாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. முப்பது ஆண்டுகள் பிறர் பாட்டுக்குப் பக்கம் வாசித்தவனுக்கு, காதில் விழுந்ததைச் சொல்லாக்கச் சில நாள்கள் வேண்டியிருக்கின்றன. இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சென்ற கார்த்திகையில் போட்டி முடிவு வந்த அன்று நீ பேசியது எனக்கு மறக்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிக்கலைஞராக வாசிக்கத் தேர்வான மூவரில் உன் பெயர் இல்லை என்று சொன்னபோது உன் குரல் சீராகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக நீ சாதகம் செய்து போட்டிக்கு எடுத்துச் சென்ற மெண்டல்ஸோனின் வயலின் கன்செர்ட்டோவையே (தனி வயலினுக்கு ஆர்க்கெஸ்ட்ரா துணை நிற்கும் இசை அது) வாசித்த உன் தோழி தேர்வாகிவிட்டாள் என்று சொன்னபோதுதான் அது இறங்கியது. "பயணச்சீட்டை ரத்து செய்துவிடுங்கள் அப்பா. இரண்டாம் வயலின்களில் மூன்றாவது இசைத்தாள் ஸ்டாண்டில் உட்கார்ந்து அவளுக்குப் பின்னால் வாசிக்கப் போகிறேன். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வர வேண்டும்?" என்றாய். சீட்டை நான் ரத்து செய்யவில்லை. உன் அம்மாகூட, பிள்ளை மனம் நோகுமே என்று தயங்கினாள். நான் கேட்க வேண்டியது அங்கே ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அது என்னவென்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஆன் ஆர்பரின் ஹில் அரங்கத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடியது மைக்கை. தொழில் பழக்கம் அது. நம் ஊர் சபாக்களிலும் கோயில் பந்தல்களிலும் பக்கவாத்தியக்காரனின் பாதி உயிர் ஒலிபெருக்கிக்காரரின் விரலில் இருக்கிறது. இங்கேயோ ஏறத்தாழ 3,500 பேர் அமரும் இடத்தில், வாத்தியங்களின் ஒலியைப் பெருக்க ஒரு மைக்கும் இல்லை. ஆல்பர்ட் கான் வடிவமைத்து 1913இல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தின் உட்புறம் ஒரு பெரிய சிப்பியைப் போல வளைந்திருப்பதால், மேடையில் எழும் ஒலி சிதறாமல் மேல்மாடம்வரை வந்துவிடுகிறது. அதைச் சோதிக்கவே முதல் பாதியில் மேல்மாடத்தின் கடைசி வரிசைக்கு ஏறிப் போய் உட்கார்ந்தேன். மேடைக்குப் பின்னால் பொன்னிறக் குழாய்களோடு நிற்கும் ஆர்கனின் மூலக்கருவி, 1893இல் நடந்த சிகாகோ உலகப் பொருட்காட்சிக்காகச் செய்யப்பட்டது என்று பக்கத்தில் இருந்த முதியவர் சொன்னார். அந்தப் பொருட்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மாநாட்டில்தான், நம் இராமநாதபுரம் சேதுபதியும் சென்னை அன்பர்களும் ஊக்கம் கொடுத்து அனுப்பிய விவேகானந்தர் பேசினார் என்று நான் அவருக்குச் சொன்னேன். வெகுதூரத்து மண்டபத்தில் திடீரென்று ஒரு சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் எனக்கு இருந்தது.

பிறகு ஓபோ என்ற குழல் வாத்தியம் தன் ஸ்வரத்தைக் கொடுக்க, அத்தனை பேரும் அதில் தங்கள் தந்திகளைச் சேர்த்தீர்கள். நம்மிடம் பாடுகிறவரின் குரல்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. ஐந்து கட்டையில் பாடும் அம்மையாருக்கும் ஒரு கட்டையில் பாடும் பெரியவருக்கும் ஒரே வாரத்தில் வாசித்து, ஒவ்வொரு முறையும் தந்தியை ஏற்றி இறக்கி வளர்ந்தவன் நான். யாருடைய குரலுக்காகவும் மாறாத ஒரே சுருதியில் எழுபது எண்பது பேர் சேரும் அந்த ஓசை எனக்குப் புதிது. அது கச்சேரிக்கு முந்திய சடங்கு என்று நீ சொல்வாய்; எனக்கு அதுவே கச்சேரியாக இருந்தது.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொஸார்ட்டின் கிளாரினெட் கன்செர்ட்டோவை வாசித்த பையன் இரண்டாம் பகுதியில் மூச்சை நடத்திய விதம், நல்ல நாகஸ்வரக்காரர் விளம்ப காலத்தில் ஒரு ராகத்தைப் பிடித்து நிற்பதைப் போல இருந்தது. 1791இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதி முடித்த இசையில் இவ்வளவு அமைதியை ஒரு மனிதர் எங்கிருந்து எடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து எல்கரின் செல்லோ கன்செர்ட்டோ. அது 1919 அக்டோபரில் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியபோது, ஆர்க்கெஸ்ட்ராவின் செல்லோ வரிசையில் ஜான் பார்பிரோல்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். 1965இல் இருபது வயது ஜாக்குலின் து ப்ரே வாசித்து உலகமெங்கும் புகழ்பெற்ற இசைத்தட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் அவரே. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்த இசையை அவர் உள்ளே வைத்திருந்தார் அல்லவா?

இடைவேளையில் நடுமாடத்துக்கு இறங்கி, வலப்பக்கம் உன் வரிசை தெரியும்படி முன் இருக்கையில் அமர்ந்தேன். உன்னைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. ஆறு வயதில் நம் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்த நாளிலிருந்தே வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன் நீ வலத் தோளை லேசாக இறக்குவாய். நாற்காலியில் அமர்ந்து, வாத்தியத்தைத் தாடையில் தாங்கி வாசிக்கும் இப்போதும் அந்தத் தோள் அப்படியே இறங்குகிறது.

அங்கிருந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒரு ஸ்டாண்டுக்கு இருவர் என்று அமர்ந்திருக்கும் உங்களில், உட்பக்கம் இருப்பவர் இசைத்தாளின் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பது முறை. நீ உட்பக்கம் இருந்தாய். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீ உன் வாசிப்பை விட்டு, தாளைத் திருப்பி, நடு வரியில் மீண்டும் சேர்ந்துகொண்டாய். பக்கத்தில் இருந்தவளின் வில் ஒரு நொடியும் தடைப்படவில்லை. காகிதமே இல்லாமல் வாசிக்கும் எங்கள் தொழிலில் இப்படி ஒரு வேலை இல்லை. ஆனால் இதன் மனம் எனக்குத் தெரியும்.

மெண்டல்ஸோன் தொடங்கியது. நீண்ட முன்னுரை எதுவும் இல்லாமல், தந்திகளும் மெல்லிய முரசும் அலைபோல எழுந்த உடனேயே உன் தோழி பாட்டைத் தொடங்கிவிட்டாள். நன்றாக வாசித்தாள், அதை மறைத்து உன்னைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சற்றுப் பின்னால் வந்த இடம். முதற்பகுதியில் கொந்தளிப்பு அடங்கி, இரண்டாவது மெட்டு வரும் இடத்தைத்தான் சொல்கிறேன். தனிக்கலைஞரின் வயலின் இறங்கி இறங்கி, வாத்தியத்தின் கடைசித் தந்திக்கு வந்து, அதைத் திறந்தபடியே இழுத்துக்கொண்டு நிற்கிறது. மெட்டை வாசிப்பவர்கள் கிளாரினெட்டுகளும் புல்லாங்குழல்களும். அந்த மெட்டு நிற்கும் ஆதார ஸ்வரமும் அந்தக் கடைசித் தந்தியின் ஸ்வரமும் ஒன்றே. நம் முறையில் சொன்னால், அது மந்தர ஸட்ஜம். முழு அரங்கமும் யாரைக் கேட்க வந்திருக்கிறதோ அவரையே அந்த இடத்தில் மற்றவர்களுக்குச் சுருதி போட வைத்திருக்கிறார் மெண்டல்ஸோன்.

மேற்கத்திய இசையில் நான் அறிந்தது கொஞ்சம். ஆனால் இந்த இடத்தைப் புரிந்துகொள்ள நான் கொடுத்த விலை பெரிது. என் இருபத்து நான்காம் வயதில் ஒரு கோயில் உற்சவக் கச்சேரியில், பெரியவர் ஒருவர் ஆலாபனையில் மூச்சுக்காக விட்ட சிறு இடைவெளியை நான் என் திறமையைக் காட்டும் இடமாக எடுத்துக்கொண்டேன். கூட்டம் தலையாட்டியது. அவர் அடுத்துப் போக நினைத்திருந்த ஸ்வரத்தை நான் முன்கூட்டியே தொட்டுவிட்டதால், அவர் கட்டிக்கொண்டு வந்த ராகம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மேடையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை, அடுத்த ஆண்டு என்னை அழைக்கவும் இல்லை. நம் ஊருக்கு வயலினைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். ஐரோப்பியரிடம் கற்று, பின்னாளில் நம் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். அன்று வந்த வாத்தியம் குரலுக்குப் பக்கத்தில்தான் இன்றுவரை பெரும்பாலும் வாழ்கிறது. அந்த இடத்தில் எப்படி இருப்பது என்று கற்க எனக்கு ஒரு பெரியவரின் ராகம் பலியாக வேண்டியிருந்தது.

இனி நான் சொல்லப் போவதை நீ அறிந்துகூடச் செய்திருக்க மாட்டாய். தனிக்கலைஞர் துணையின்றித் தனியே வாசிக்கும் கேடன்ஸா வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் ஓய்ந்து, வில்கள் மடிக்கு இறங்கின. வழக்கமாகப் பகுதியின் இறுதியில் வருவதை நடுவிலேயே வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெண்டல்ஸோனே எழுதியும் கொடுத்த கேடன்ஸா அது. உன் தோழி தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். உன் வயலின் மடியில் நிமிர்ந்து நின்றது; வில் அசையவில்லை; உன் இடக்கை விரல்கள் மட்டும் தந்திகளின்மேல் ஓசையில்லாமல் அவளோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவள் தாவிய இடத்தில் அவையும் தாவின. முடிவில், நான்கு தந்திகளிலும் வில் துள்ளித் துள்ளிப் போகும் அந்த அலை தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, அதற்கு மேலே மிக மெதுவாக ஆர்க்கெஸ்ட்ரா பழைய பாட்டோடு திரும்பி வர, மறுபடியும் தனிக்கலைஞர் பக்கவாத்தியமாகி நின்றாள். அப்போது உன் விரல்கள் நின்றன. உன் பகுதி வந்தபோது தோள் இறங்கியது, வில் வந்து தந்தியில் உட்கார்ந்தது. கண்ணம்மா, நான் அழுதேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் கையில் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்தார்.

அதன்பின் பஸூன் என்ற தாழ்ந்த ஒலிக் குழல் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்து இரண்டாம் பகுதிக்குப் பாலம் போட்டதையும், அங்கே தனிக்கலைஞர் ஒரே வயலினில் பாட்டையும் அதற்கான துணையையும் சேர்த்து வாசித்ததையும் கேட்டேன். மூன்றாம் பகுதியின் வேகத்தில் உன் தோழி ஓரிடத்தில் சற்றே முந்திவிட்டாள். இசை நடத்துநர் கை உயர்த்துவதற்கு முன்பே உங்கள் வரிசையின் தலைகள் அவள் வில்லை நோக்கித் திரும்பின. இரண்டு தாளத்துக்குள் எல்லோரும் அவளோடு இருந்தீர்கள். அவள் முந்தினாள் என்று அந்த அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

திரும்பும் விமானத்தில், நீ கொடுத்தனுப்பிய நிகழ்ச்சிக் குறிப்பை வரிவரியாகப் படித்தேன். இந்தக் கன்செர்ட்டோ ஊர் ஊராகச் சுற்றிய புகழ்பெற்ற தனிக்கலைஞர் எவருக்காகவும் எழுதப்படவில்லை. மெண்டல்ஸோன் நடத்திவந்த லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலினாக அமர்ந்திருந்த நண்பர் ஃபெர்டினாண்ட் டேவிடுக்காக எழுதப்பட்டது. 1838இல் அதன் தொடக்கம் தம்மை நிம்மதியாக இருக்க விடவில்லை என்று டேவிடுக்குக் கடிதம் எழுதியவர், 1844இல்தான் முடித்தார். வயலின் நுட்பங்களுக்கெல்லாம் டேவிடைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 1845 மார்ச் 13 அன்று டேவிட் முதன்முதலாக வாசித்தார். அந்தக் கடைசித் தந்தியின் சுருதியை எழுதும் எண்ணம், நாள்தோறும் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும் ஒருவரை மனத்தில் வைத்திருந்ததால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். உன் ஆசிரியரிடம் கேட்டுப் பார்.

போட்டிக்கு நீ அனுப்பிய ஒலிப்பதிவை இங்கு வந்ததும் மறுபடி கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கேடன்ஸா உனக்குக் குறையில்லை. சில இடங்களில் உன் தோழியைவிடத் தெளிவு. ஆனால் அந்தச் சுருதி இடத்தில் நீ தந்தியை அழுத்தி இழுத்திருக்கிறாய். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதிலாகப் பியானோவில் வரும் மெட்டு உன் ஒலிக்கு அடியில் போய்விடுகிறது. மேலே யார் பாடுகிறார்கள் என்று நீ அன்று கேட்கவில்லை. இப்போது அந்தக் கிளாரினெட்டுகளுக்குச் சில அடி தூரத்தில் உட்கார்ந்து, பல வாரங்களாக ஒத்திகையிலும் அன்று மேடையிலும் கேட்டிருக்கிறாய். அடுத்த போட்டிக்கு இதே கன்செர்ட்டோவை எடுப்பதா, வேறு எடுப்பதா என்பதை நீயும் உன் ஆசிரியரும் முடிவு செய்யுங்கள். போட்டிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் என் விருப்பம்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் அனுப்பியிருக்கிறாள். நான் வில்லுக்குப் பூசும் ரோசின் கட்டி இரண்டு வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்கும் என்று தெரியும், இருந்தாலும் வைத்துக்கொள்.

ஓய்வு கிடைக்கும் ஒரு மாலையில் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும், கடைசித் தந்தியைத் திறந்தபடி, நீ மெதுவாக என்று நினைப்பதைவிடவும் மெதுவாக வாசித்துப் பதிந்து அனுப்பு. மேலே வரும் மெட்டை நான் பாடம் செய்துவிட்டேன். என் வயலினை உன் சுருதிக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து, நீ சுருதி போட நான் வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா