சந்தாக் கணக்கைப் பார், தம்பி

தம்பிக்கு,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். நண்பர்களோடு சேர்ந்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றை எடுத்து நடத்தப் போகிறாய் என்றதும், உன் அப்பா காசை ஆற்றில் போடுகிறான் என்றார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் விளம்பரப் பிரிவின் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். இந்தத் தொழிலுக்குள் காசு எந்த வாசல் வழியாக வந்தது, எந்த வாசல் வழியாகப் போனது என்று பார்த்திருக்கிறேன். செய்தி எழுத உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உன் வருமானக் கணக்கில் முதல் வரியே இணைய விளம்பரம் என்று இருக்கிறது. அதை அடித்துவிடு. மனசு வரவில்லையா, கடைசி வரிக்குத் தள்ளு. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்து விளம்பரம் பிடிக்கும் ஆட்டம் கூகுளும் ஃபேஸ்புக்கும் ஆடுவது. கோடிக்கணக்கான பேரை வைத்திருப்பவர்களோடு சில ஆயிரம் வாசகர்களை வைத்துக்கொண்டு மோத முடியாது.

1833-இல் பெஞ்சமின் டே என்பவர் நியூயார்க்கில் 'தி சன்' பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விற்றார். மற்றவர்கள் ஆறு சென்ட் வாங்கிக்கொண்டிருந்த காலம். பிரதியில் விழும் துண்டை விளம்பரத்தில் சரிக்கட்டினார். பத்திரிகையைத் தான்தான் வாங்குகிறோம் என்று வாசகர் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் செலவை ஏற்றது விளம்பரதாரர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியே ஓடியது. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005-இல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-இல் அது 1,000 கோடியைக்கூடத் தொடவில்லை. அந்த வருஷம்தான் அங்கே முதல்முறையாக வாசகர் கொடுத்த காசு விளம்பரக் காசைத் தாண்டியது. இதை எல்லோரும் ஒப்பாரியாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதில்தான் உனக்கு வழி தெரிகிறது.

கொழுத்த லாபம் பெரிய விளம்பரத்தில் இருக்கவில்லை, தெரியுமா? வரி விளம்பரத்தில் இருந்தது. வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய வண்டி விற்பனைக்கு. நிருபர் வேண்டாம், படம் வேண்டாம், வரிக்கு இவ்வளவு. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற இணையதளங்கள் இதைப் பெரும்பாலும் இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்ததும் அந்த வாசல் அடைபட்டது. எங்கள் கவுன்டரில் கடைசிவரை ஆள் வந்தது இரங்கல் அறிவிப்புக்குத்தான். ஒருவர் தன் அப்பாவின் அறிவிப்பை ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். கட்டணத்தைச் சொன்னதும் என்னிடமே பேனா வாங்கி ஒவ்வொன்றாக அடித்தார். வகித்த பதவி போனது, வாங்கிய விருது போனது, உறவினர் பெயர்களில் பாதி போனது. ஊர்க்காரர்கள் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயரில் மட்டும் கை வைக்கவில்லை. "இது இல்லாவிட்டால் யார் செத்தது என்றே தெரியாது" என்றார். அந்தப் பெயரைப் போட்டால் புரிந்துகொள்ளும் வாசகர்கள் எங்களிடம் மட்டும்தான் இருந்தார்கள். பெரிய பத்திரிகையில் முழுப்பக்கம் போட்டாலும் அவருக்கு அது கிடைத்திருக்காது.

நீ விற்கப்போவதும் அதைத்தான். வேறெங்கும் கிடைக்காத செய்தி. உலகச் செய்தியும் சினிமாவும் போட்டுப் பக்கத்தை நிரப்பாதே, அதெல்லாம் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. நகர மன்றக் கூட்டத்தில் போய் உட்காரு. கலிஃபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம். அதன் நிர்வாக அதிகாரி வருஷத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். நகர மன்றத்தை அன்றாடம் கவனிக்க உள்ளூர்ப் பத்திரிகை இல்லை. 2010-இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நிருபர்கள் வந்து கிளறும்வரை ஊருக்கே தெரியாது. பத்திரிகை மூடிய இடங்களில் உள்ளாட்சி வாங்கும் கடனுக்கு வட்டிகூட ஏறுகிறது என்று அமெரிக்காவில் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, இதையெல்லாம் சொல்லிச் சந்தா கேட்காதே. ஜனநாயகத்தைக் காப்பாற்ற எவரும் மாதாமாதம் காசு கட்டமாட்டார்கள். தெருவை ஏன் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எப்போது மூடுவார்கள் என்று தெரிந்துகொள்ளக் கட்டுவார்கள்.

அப்புறம், புதிதாகச் சேர்ந்த சந்தாவைப் பார்த்து மயங்காதே. சலுகை விலை கொடுத்தால் கூட்டம் சேரும், சலுகை முடிந்ததும் கலையும். இரண்டாம் வருஷம் எத்தனை பேர் புதுப்பித்தார்கள், விட்டுப்போனவர் ஏன் போனார், இந்த இரண்டையும் எழுதிவை. விட்டவருக்கு நீயே போன் போடு. பாதிப் பேர் பத்திரிகை நேரத்துக்கு வரவில்லை என்பார்கள், கட்டுரை பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை!

அச்சை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். கனடாவில் 'லா பிரெஸ்' நாளிதழ் 2016-இல் வாரநாள் அச்சை நிறுத்தியது, 2017 முடிவில் சனிக்கிழமைப் பதிப்பையும் விட்டது, 2018-இல் லாபநோக்கற்ற அறக்கட்டளையாக மாறியது. படிப்படியாகச் செய்தார்கள். அமெரிக்காவில் 'ஆர்கன்சா டெமாக்ரட் கெசட்' ஞாயிறு மட்டும் அச்சடிப்பது என்று முடிவெடுத்தபோது, சந்தாதாரர்களுக்கு ஐபேட் கொடுத்து, பயன்படுத்தவும் நேரில் சொல்லிக் கொடுத்தது. உன்னிடம் ஐபேட் வாங்கக் காசு இல்லை, சரி. பழைய வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதே.

அரசு அறிவிப்பு, டெண்டர் விளம்பரம் வந்தால் வாங்கிக்கொள். ஆனால் எந்த ஒரு கையிலிருந்தும் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வர விடாதே. அந்தக் கையைப் பற்றி ஒருநாள் நீ எழுத வேண்டியிருக்கும், அன்றைக்கு விளம்பரம் நிற்கும். பெரிய இணைய நிறுவனங்களைச் சட்டம் போட்டுக் காசு கொடுக்கவைக்கலாம் என்ற பேச்சையும் கணக்கில் சேர்க்காதே. 2023-இல் கனடா அப்படிச் சட்டம் போட்டதும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா அங்கே தன் தளங்களிலிருந்து செய்தியையே எடுத்துவிட்டது. கூகுள் வருஷத்துக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒத்துக்கொண்டது உண்மைதான். வந்தால் உபரி என்று வைத்துக்கொள், சம்பளப் பட்டியலை அதை நம்பிப் போடாதே.

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது, பத்திரிகையை வாங்கக் கடன் என்று உன் கணக்கில் எழுதியிருந்த வரிதான். 2007-இல் பெருங்கடன் வாங்கிக் கைமாற்றப்பட்ட அமெரிக்காவின் டிரிப்யூன் பத்திரிகை நிறுவனம் 2008-இலேயே திவாலாகி நின்றது. விற்பவர் சொல்லும் விலையைக் குறைக்கப் பார். முடியாவிட்டால் பேரையும் சந்தாப் பட்டியலையும் மட்டும் கேள், இயந்திரம் அவரிடமே இருக்கட்டும். அச்சடிக்க வெளியில் ஆள் கிடைப்பார்கள்.

கையெழுத்துப் போடும் முன் அச்சக ஒப்பந்தத்தின் நகலையும், விற்காமல் ஏஜென்ட்டுகள் திருப்பி அனுப்பிய பிரதிகளின் ரிட்டர்ன் கணக்கையும் எனக்கு அனுப்பு. விற்காத பிரதியை விற்றதாக எழுதியிருந்தால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன்.

அம்மா