முதலில் சிரித்தவன்

அன்புள்ள சங்கரா,

இங்கே எல்லோரும் நலம். ஏழு மாதமாக ஏன் எழுதவில்லை என்று எந்தக் காரணம் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. வாட்ஸப்பில் ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் அனுப்புகிறவனோடு பேச்சில்லை என்று நீதான் அறிவித்தாய். போனில் கூப்பிட்டால் என்னைப் பேசவே விடமாட்டாய். ஆகவே காகிதம். தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததா? தைலத்தை நீதான் தேய்த்துவிடுகிறாயா, இல்லை வழக்கம்போல் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மலர் என்னைச் சென்னையில் ஒரு ஸ்டாண்டப் காமெடிக்குக் கூட்டிப் போனாள். தலைக்கு ஐந்நூறு ரூபாய். ஒருத்தன் நின்றபடி பேசுவதைக் கேட்க ஐந்நூறா, எங்கள் சங்கக் கூட்டத்தில் இலவசமாக நாலு பேர் பேசுவார்களே என்றேன். ரிட்டயர் ஆனதிலிருந்து நீ வீட்டில் மேஜை விசிறி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய், கிளம்பு என்றாள்.

காபிக் கடை ஒன்றின் மாடி. எழுபது நாற்காலி, ஒரு மைக், ஒரு ஸ்டூல், அதன்மேல் தண்ணீர் பாட்டில். வாசலில் ஒரு பெண் எல்லோர் போனையும் வாங்கி கேமராக் கண்மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். என் மூக்குக்கண்ணாடிக்கும் ஒட்டுவாயா அம்மா என்றேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன முதல் ஜோக் அப்படிப் போயிற்று.

பையனுக்கு முப்பது இருக்கும். கெட்டிக்காரன். முதல் வரிசையில் நரைத்த தலை தெரிந்ததும் பிடித்துக்கொண்டான். "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" "தாலுகா ஆபீஸ்." ஒரு நிமிஷம் என்னைப் பேசாமல் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ஐம்பது ரூபாயை எடுத்து, மடித்து, என் கைக்குள் வைத்துவிட்டு, "இப்ப சிரிங்க, ஃபைல் நகரட்டும்" என்றான். மாடி அதிர்ந்தது. நானும்தான் சிரித்தேன். (நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

அப்புறம் மெரினாவுக்கு வந்தான். தலைவர் சமாதியில் காதை வைத்து, உள்ளே கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்களே, நாமும் போய்ப் பார்த்தோமே, அதுதான். "வாட்ச் இன்னும் ஓடுதாம்" என்று சொல்லி நிறுத்தினான். "கட்சிதான் நின்னு போச்சு."

டேய், வெடித்துச் சிரித்தேன். 87 டிசம்பரில் மொட்டை போட்டுக்கொண்டு பதினாறு நாள் செருப்பில்லாமல் நடந்த நான். அந்த அறையில் முதலில் வந்த சிரிப்பு என்னுடையதுதான். யோசிப்பதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது, என் பின்னால்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். நம் வயசு. அரைக்கைச் சட்டை. முன்கையில் இரட்டை இலை, அந்தக் காலத்தில் பச்சை குத்தியது, தோல் சுருங்கி வாடின வெற்றிலை மாதிரி இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "தம்பி, நான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

பையன் பழக்கதோஷத்தில், "மணி எத்தனை சார்?" என்றான். கடைசி வரிசையில் ஒருத்தன் மட்டும் க்ளுக் என்றான். பெரியவர் நாற்காலிகளுக்கு நடுவே வெளியே நடந்தார். அவர் மகன் காலேஜ் பையன் போலிருக்கிறது, எழுவதா உட்காருவதா என்று இரண்டு நிமிஷம் தவித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் கடிதத்தின் காரணம். அந்தப் பெரியவர் என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டைச் சுருக்கி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, 'என்ன பண்றது, இந்தக் காலத்துப் பசங்க' என்று ஒரு முகம் காட்டினேன். அவரும் ஆறுதலாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது மலர் மேல்மருவத்தூர் வரைக்கும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நீதானேப்பா முதல்ல சிரிச்ச?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராமல் யோசித்தது அந்தப் பையனைப் பற்றியும் இல்லை, பெரியவரைப் பற்றியும் இல்லை. 2025 மார்ச்சில் உங்கள் ஊரில் நடந்ததைப் பற்றி. ஞாபகம் இருக்கிறதா, மும்பையில் கார் (Khar) என்கிற பகுதியில் இருக்கிற ஹாபிடாட் அரங்கை சிவசேனாக்காரர்கள் போய் நொறுக்கினார்களே? ஸ்டாண்டப் காமெடியன் குணால் காம்ரா ஒரு பழைய இந்திப் பாட்டின் மெட்டில் அவர்கள் தலைவர் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் 'துரோகி' என்று பாடினார். வீடியோ வெளியானது மார்ச் 23. அன்று ராத்திரியே நாற்காலிகள் பறந்தன. அப்போது அங்கே காம்ரா இல்லை. வேறு ஒருவரின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது, அவருக்காக டிக்கெட் எடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காம்ரா பாடியபோது அதே அரங்கில் கைதட்டிக் கேட்டார்கள், ஒருவரும் நாற்காலியைத் தூக்கவில்லை. தூக்கியவர்கள் போனில் பார்த்தவர்கள். பட்டர் சிக்கன் பிடிக்கவில்லை என்று தக்காளி லாரியைக் கவிழ்த்த மாதிரி என்று காம்ரா அறிக்கை விட்டார். சாப்பாட்டு உதாரணம் என்பதால் உனக்குப் பிடித்திருக்கும்.

நாங்கள் இங்கே அதை ஒரு திருவிழா மாதிரி ரசித்தோம். காம்ரா இருப்பது விழுப்புரம் மாவட்டம், மும்பையில் அவர்மேல் போட்ட வழக்கில் முன்ஜாமீன் கொடுத்தது சென்னை உயர் நீதிமன்றம், பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டியது வானூர் கோர்ட்! எனக்கு வானூருக்கு மாற்றல் வந்தபோது, அங்கே வானூர்தி இறங்குமா என்று நீ எழுதினாயே, அதே வானூர். நான்கு வருஷம் பெஞ்சு தேய்த்த ஊரின் பெயரை டிவிக்காரர்கள் வாயில் நுழையாமல் தப்புத் தப்பாகச் சொன்னபோது என்ன பெருமை தெரியுமா? அந்தப் போன் பேச்சையும் நீ கேட்டிருப்பாய். எங்கே இருக்கிறாய் என்று ஒருவன் மிரட்டுகிறான். தமிழ்நாட்டுக்கு வா என்கிறார் இவர். "அப் தமிழ்நாடு கைசே பஹுஞ்சேகா பாய்", இப்போது தமிழ்நாட்டுக்கு எப்படி வந்து சேர்வது என்று அவன் நிஜமாகவே கவலைப்படுகிறான். மலரும் நானும் வீட்டில் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். சோறு போடச் சொன்னால்கூட "கிச்சனுக்குக் கைசே பஹுஞ்சேகா பாய்."

ஆனால் அப்போது நான் சிரித்துத் தள்ளிவிட்டு மறந்த ஒரு செய்தி இப்போது குத்துகிறது. அந்த நிகழ்ச்சியைப் பார்க்கப் போன ஒருவருக்குப் போலீஸ் சாட்சியாக நோட்டீஸ் அனுப்பியதாகவும், தென்னாட்டுப் பக்கம் சுற்றுலா வந்திருந்தவர் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று என்றும் வந்தது. காம்ரா அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அடுத்த சுற்றுலாச் செலவு என்னுடையது என்று எழுதினார். அந்த மனுஷனை நினைத்துப் பார். எதிரே இன்ஸ்பெக்டர். "நீ சிரித்தாயா?" என்ன சொல்லியிருப்பார்? நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அப்பா அடிக்கடி எம்.ஆர்.ராதா கதை சொல்வார், கேட்டிருக்கிறாய். ராமாயண நாடகம் பார்த்து மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று ராதா விளம்பரமே போட்டார். அவரை மனதில் வைத்து 1954-இல் நாடகங்களுக்குக் கட்டுப்பாடு போட்டு ஒரு சட்டமே வந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று ஆனதே 2013-இல்தான். அதெல்லாம் கிடக்கட்டும். எங்கள் தெரு பஜனை மடத்துக்காரர் ஒருவர் அந்த நாடகத்துக்குப் போய், நடுவில் எழுந்து வாயார ராதாவைத் திட்டிவிட்டு வந்தாராம். மறுநாள் மறுபடியும் டிக்கெட் எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நேத்து பாதியிலே வந்துட்டேன், மீதியையும் பார்த்துட்டுத்தான் திட்டணும்" என்றாராம். எனக்கு இப்போது அவர்மேல் பெரிய மரியாதை. சனிக்கிழமை எழுந்து போன பெரியவர்மேலும். அவர்கள் காசு கொடுத்து, நேரில் உட்கார்ந்து, தன் வாயால் கோபப்பட்டார்கள். நாற்காலியை உடைக்கிறவன்மேல் எனக்குக் குழப்பமே இல்லை, அவன் ரௌடி. சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொள்கிற என்னை எந்தக் கணக்கில் எழுதுவது? 2021 ஜனவரி முதல் தேதி இந்தூரில் காமெடியன் முனவர் ஃபாரூக்கியைப் பிடித்துப் போனார்கள். சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். டிக்கெட் வாங்கி வந்த நம்மைப் போன்றவர்கள் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள்.

இப்போது புரிந்திருக்கும், நான் எங்கே வருகிறேன் என்று. நம் ஹாஸ்டல் சிநேகிதன் தவளை.

86-இல் ஹாஸ்டல் டேயில் அவன் வார்டன் மாதிரி சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு, முட்டையை எண்ணினானே, "ஒன்று... இரண்டு... இரண்டு... டேய், மூணாவதை எவன் தின்னான்?" தட்டைத் தட்டித் தட்டி நீ ஒரு டம்ளரையே நசுக்கினாய். மறுநாள் வார்டன் அறையில் நம் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டபோது சொன்னோமே. "சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம் சார், கவனிக்கல." இருநூறு பேரும் கவனிக்கவில்லை. அவன் அப்பா மஞ்சள் பையோடு வந்து படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனதை மாடியிலிருந்து பார்த்தோம். அதன்பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை தேடிப் பிடித்து நம்பர் வாங்கினேன். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை வியாபாரம். பேரன் பிறந்துவிட்டான். குரல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வார்டன் குரலைச் செய்து காட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர்க்கதை, சர்க்கரை, முந்திரி விலை எல்லாம் பேசினான். நானாக அந்தப் பேச்சை எடுப்பதற்குள் அவனே எடுத்துவிட்டான். "நீயும் சங்கரனும் அன்னைக்கு ஊருக்குப் போயிட்டீங்க, இல்ல? இருந்திருந்தா எனக்காகப் பேசியிருப்பீங்க" என்றான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன் சங்கரா.

பொங்கலுக்கு நீ வருகிறாய் அல்லவா, போகிக்கு மறுநாளே பண்ருட்டிக்கு வருகிறோம் என்றும் அவனிடம் சொல்லிவிட்டேன். அங்கே போய் என்ன சொல்லப்போகிறோம் என்று நீயும் யோசித்து வை. ரயிலில் வைத்து முடிவு பண்ணலாம் என்று தள்ளிப்போடாதே, உன்னை எனக்குத் தெரியும். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். தங்கச்சிக்கு முந்திரி வேண்டுமா என்று கேள்.

உன்,
ரவி